கொடி காத்த குமரன்

உங்கள் முன்னோர் பலர் வட ஆற்காடு முதலிய பகுதிகளிலிருந்து பிழைப்பு நாடிக் கோலார் தங்கவயலுக்கு வந்தனர். ஊரிகம் முதலிய இடங்களின் சுரங்கங்களில் உழைத்தனர். அவர்களைப் போலவே பிழைப்புக்காகப் பிறந்த ஊரை நீங்கிய தொழிலாளி ஒருவர், நாட்டின் கொடிக்காகத் தம் இன்னுயிரை ஈந்தார். அவரே திருப்பூர்க் குமரன்.

சென்னிமலை கைத்தறி நெசவுக்குப் பெயர் பெற்ற ஊர். அங்கு 1904ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள் நாச்சிமுத்து, கருப்பாயி இணையருக்கு மகனாகக் குமரன் பிறந்தார். இயற்பெயர் குமாரசாமி. வறுமையால் அவரது கல்வி தொடக்கப்பள்ளி அளவிலேயே நின்றது. தறியில் அமர்ந்து நெய்தும் குடும்பத்திற்குப் போதிய வருவாய் கிட்டவில்லை. ஆகவே, திருப்பூருக்குச் சென்று ஆலைப் பணியில் சேர்ந்தார். இராமாயி என்பவரை மணந்து இல்லறம் நடத்தினார்.

பகலெல்லாம் உழைத்த அவர், எஞ்சிய பொழுதை நாட்டுப் பணிக்கு அளித்தார். காந்தியடிகளின் நெறியை ஏற்றுக் கதராடை அணிந்தார். தேசபந்து வாலிபர் சங்கத்தில் இணைந்து தொண்டாற்றினார்.

1931ஆம் ஆண்டு காவி, வெண்மை, பச்சை ஆகிய மூன்று நிறங்களும் நடுவில் இராட்டையும் கொண்ட கொடியைக் காங்கிரஸ் பேரவை ஏற்றது. 1932 சனவரி 4ஆம் நாள் காந்தியடிகள் சிறைப்பட்டார். நாடெங்கும் அடக்குமுறை ஓங்கியது. கொடியேந்திச் செல்வதே குற்றம் எனக் கருதப்பட்டது. தாயும் மனைவியும் தம் உழைப்பை நம்பியிருப்பதைக் குமரன் அறிவார். எனினும், சனவரி 10ஆம் நாள் பி. எஸ். சுந்தரம் தலைமையில் திருப்பூர் வீதியில் சென்ற சிறு அணியில் அவரும் கொடியுடன் நடந்தார். காவலர் தடியால் தாக்கினர். மண்டை பிளந்து குருதி பெருகியது. நிலத்தில் வீழ்ந்தபோதும் அவரது கை கொடியை விடவில்லை. மறுநாள் மருத்துவமனையில் அவர் உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு அகவை இருபத்தேழு.

1947 சூலை 22ஆம் நாள் அரசியல் நிர்ணய சபை, இராட்டையின் இடத்தில் அசோகச் சக்கரம் பொறித்த மூவண்ணக் கொடியை நாட்டுக் கொடியாக ஏற்றது. ஆயினும், குடிமக்கள் தம் இல்லத்திலும் தொழிலிடத்திலும் குறிப்பிட்ட சில நாள்களில் மட்டுமே அதனை ஏற்ற இயன்றது. தம் தொழிற்சாலையில் கொடியேற்ற விரும்பிய நவீன் ஜிந்தால் நீதிமன்றத்தை நாடினார். 2002 சனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த கொடி விதித்தொகுப்பு, எல்லா நாள்களிலும் கொடியேற்ற வழிசெய்தது. மதிப்புடன் கொடியேற்றுவது குடிமகனின் அடிப்படை உரிமை என 2004இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

உரிமையுடன் கடமையும் உண்டு. காவி நிறம் மேலே அமைதல் வேண்டும். கிழிந்த கொடியையோ அழுக்கடைந்த கொடியையோ பறக்கவிடல் ஆகாது. கொடி தரையில் படலாகாது. விழா முடிந்தபின் தாள் கொடிகளையும் தரையில் எறிதல் கூடாது. அலுவலகத்திலோ ஆலையிலோ பள்ளியிலோ கொடியேற்றுவோர், அதனை முறையாக இறக்கி மடித்துக் காப்பதிலும் கருத்தூன்ற வேண்டும். வீழ்ந்தபோதும் கொடியை விடாத அத்தொழிலாளிக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவே.

பயிற்சி
1. குமரன் சென்னிமலையை விட்டுத் திருப்பூருக்குச் சென்றது ஏன்?
2. 1931ஆம் ஆண்டுக் கொடிக்கும் இன்றைய நாட்டுக் கொடிக்கும் உள்ள வேறுபாடு யாது?
3. உங்கள் பெற்றோர் பணிபுரியும் இடத்தில் கொடியேற்றும் முறையைக் கேட்டறிந்து ஐந்து தொடர்களில் எழுதுக.