நரம்பின் இரகசியத்தைக் கண்டறிந்த ஒட்டோ லோவி

இவ்வரிகளை நீங்கள் வாசிக்கும் வேளையிலும் உங்கள் இதயம் உங்களைக் கேளாமலே அடித்துக்கொண்டிருக்கிறது. அச்சம் வந்தால் விரைகிறது, உறக்கத்தில் தணிகிறது. இதற்கான கட்டளையைக் கொண்டுசெல்பவை நரம்புகள். ஆனால் நரம்பின் நுனியிலிருந்து இதயத் தசைக்கு அக்கட்டளை எவ்விதம் தாவுகிறது? மின்சாரம் போலத் தாவுகிறதா, அல்லது ஏதேனும் ஒரு பொருள் அதைச் சுமந்து செல்கிறதா? அறிஞர் பலர் மின்சாரமே என எண்ணியிருந்த காலத்தில், சரியான விடையைப் பரிசோதனையால் காட்டியவர் ஒட்டோ லோவி.

அவர் 1873ஆம் ஆண்டு யூன் மாதம் 3ஆந் திகதி ஜேர்மனியின் பிராங்போட் நகரில் யூதக் குடும்பமொன்றிற் பிறந்தார். தந்தையார் திராட்சை மது வணிகர். மகனுக்கோ ஓவியக் கலையின் வரலாற்றிலேயே நாட்டம். எனினும் வீட்டாரின் விருப்பத்துக்கிணங்கி ஸ்ராஸ்பேர்க் சர்வகலாசாலையில் மருத்துவம் பயின்று 1896இல் பட்டம் பெற்றார். பின்னர் பிராங்போட் ஆஸ்பத்திரியிற் கடமையாற்றியபோது, கசரோகத்தாலும் நியுமோனியாவாலும் நோயாளர் ஒருவர் பின் ஒருவராக மடிவதைக் கண்டார். அவர்களுக்குக் கொடுக்க அன்று மருந்திருக்கவில்லை. மனம் நொந்த அவர் நோயாளர் விடுதியை விட்டு ஆய்வுகூடத்தை நாடினார்.

அங்கே அவர் முதலில் ஆராய்ந்தது உணவை. புரதம் சிதைந்து உண்டாகும் சிறு கூறுகளிலிருந்து விலங்கின் உடல் தனக்கு வேண்டிய புரதத்தை மீண்டும் கட்டிக்கொள்ளும் என்பதை 1902இல் எடுத்துக்காட்டினார். அக்காலத்தில் இங்கிலாந்து சென்றபோது ஹென்றி டேல் என்னும் இளம் ஆய்வாளரின் நட்புக் கிடைத்தது. அந்நட்பு ஆயுள்வரை நீடித்தது. 1909இல் ஒஸ்ரியாவின் கிராஸ் நகரில் மருந்தியற் பேராசிரியரானார்.

அவர் பின்னாளிற் கூறியபடி, உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்திய இரவொன்றில் திடீரென விழித்து, மனதில் எழுந்த ஓர் எண்ணத்தைச் சிறு கடதாசித் துண்டிற் கிறுக்கிவிட்டு உறங்கிப்போனார். விடிந்ததும் அந்த எழுத்தை அவராலேயே வாசிக்க முடியவில்லை! அன்று முழுவதும் எவ்வளவோ முயன்றும் பயனில்லை. மறுநாள் இரவு மூன்று மணிக்கு அதே எண்ணம் மீண்டும் வந்தது. இம்முறை அவர் கடதாசியை நம்பவில்லை. எழுந்து நேரே ஆய்வுகூடத்துக்குச் சென்றார்.

இரண்டு தவளைகளின் இதயங்களை எடுத்து உப்புக்கரைசலில் அடிக்கவிட்டார். முதல் இதயத்தின் வேகசு நரம்பைத் தூண்டியதும் அது தணிந்து அடித்தது. அதிலிருந்த கரைசலை எடுத்து, நரம்பு நீக்கப்பட்ட இரண்டாம் இதயத்தில் இட்டார். அதுவும் தணிந்தது! விரைவுபடுத்தும் நரம்பைத் தூண்டிப் பெற்ற கரைசலோ இரண்டாம் இதயத்தை விரையச் செய்தது. நரம்பு ஒரு பொருளைச் சுரக்கிறது, அதுவே கட்டளையைச் சுமக்கிறது என்பது தெளிவாயிற்று. 1921இல் வெளியான இம்முடிவை ஐயுற்றவர் பலர். லோவி சளைக்கவில்லை. இதயத்தைத் தணிக்கும் பொருள் அசற்றைல்கோலின் எனவும், உடலிலுள்ள நொதியமொன்று அதை விரைவிற் சிதைத்துவிடுகிறது எனவும் அடுத்த ஆண்டுகளிற் காட்டினார். 1936இல் நண்பர் டேலுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

புகழின் உச்சியிலேயே இடி விழுந்தது. 1938 மார்ச்சில் ஹிட்லரின் ஆட்சி ஒஸ்ரியாவை விழுங்கிய இரவிலே, ஆயுதந் தாங்கியோர் படுக்கையறைக்குள் புகுந்து அவரைச் சிறைக்கு இழுத்துச் சென்றனர். புதல்வர் இருவரும் சிறைப்பட்டனர். தாம் கொல்லப்படுவது நிச்சயம் என எண்ணிய அந்த முதியவர் காவலனிடம் கேட்டு வாங்கியது ஒரு தபாலட்டை. அதிலே தம் கடைசிப் பரிசோதனையின் முடிவை எழுதி விஞ்ஞான சஞ்சிகையொன்றுக்கு அனுப்பினார். தம் உயிர் போயினும் அந்த உண்மை அழியாது என்பதில் அவருக்குப் பெரும் ஆறுதல்.

இரண்டு மாதத்தின் பின் விடுதலையானார். ஆனால் சுவீடன் வங்கியிலிருந்த நோபல் பரிசுப் பணத்தை நாற்சிகளின் வங்கிக்கு மாற்றிக் கொடுத்த பின்னரே நாட்டைவிட்டு வெளியேற விட்டார்கள். மனைவியையும் பிரிந்து வெறுங்கையோடு புறப்பட்டு, பெல்ஜியம், இங்கிலாந்து வழியாக 1940இல் நியூயோர்க் சர்வகலாசாலையை அடைந்தார். மனைவி மறுவருடமே வந்து சேர்ந்தார். அங்கே மாணவருடன் உரையாடி வாழ்ந்த லோவி, 1961ஆம் ஆண்டு நத்தார் தினத்தன்று 88ஆவது வயதிற் காலமானார்.

வாசகர்களே, ஞாபகம் மங்கிய முதியவர் உங்கள் இல்லத்தில் இருக்கலாம். அல்சைமர் நோய்க்கு இன்று வைத்தியர் எழுதிக் கொடுக்கும் சில மாத்திரைகள், மூளையில் அசற்றைல்கோலின் விரைவிற் சிதையாமல் தடுப்பவையே. மருந்தின்றி மடிந்தோரைக் கண்டு கலங்கிய அந்த இளம் வைத்தியரின் உழைப்பு, இவ்விதம் நோயாளரின் கட்டிலண்டைக்கே திரும்பி வந்திருக்கிறது. வீட்டையும் நாட்டையும் பரிசையும் பறித்தவர்களால், தபாலட்டையில் அவர் எழுதிய உண்மையைப் பறிக்க முடியவில்லை.