வண்டியைப் பிரித்துப் போட்ட ஜி.டி.நாயுடு

கோவையை அடுத்த கலங்கல் கிராமத்தில் 1893-ல் பிறந்தவர் ஜி.டி.நாயுடு. பள்ளிப் படிப்பில் அவருக்கு நாட்டம் இல்லை.

ஒரு வெள்ளைக்கார அதிகாரி மோட்டார் சைக்கிளில் வந்ததைப் பார்த்தார். மாடும் இல்லை, குதிரையும் இல்லை, வண்டி ஓடுகிறதே!

அதை வாங்கியே தீருவது என்று முடிவு செய்தார். கோவை சென்று ஓட்டலில் சர்வர் வேலை பார்த்தார். கூலியை மிச்சம் பிடித்து, 300 ரூபாய்க்கு அந்த 'ரட்ஜ்' வண்டியை வாங்கினார்.

வாங்கியதும் அக்கக்காகப் பிரித்துப் போட்டார்!

அது காற்றிலேயே சூடு தணியும் என்ஜின். தண்ணீர்த் தொட்டி கிடையாது. சிலிண்டரைச் சுற்றியுள்ள மெல்லிய தகடுகளில் காற்று பட்டு வெப்பம் குறையும். பூட்டுவதில் தவறினால் சேர்த்த பணமெல்லாம் பழைய இரும்புதான்.

பூட்டினார், ஓடியது.

1920-ல் ஒரு பஸ் வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே விட்டார். டிரைவரும் அவரே.