மாக்ஸ் பிளைஷர்

கார்ட்டூன் படங்களைப் பற்றிப் பேசப் புகுவோர் பெரும்பாலும் வால்ட் டிஸ்னி என்னும் ஒரு பெயரோடு நின்றுவிடுகின்றனர். கீரையை உண்டமாத்திரத்தில் புஜபலம் பெறும் பாப்பை என்னும் மாலுமியை அறியாத சிறுவர் அரியர். வட்ட விழியும் சுருண்ட குழலும் உடைய பெட்டி பூப் என்னும் நங்கையின் உருவமோ, பீங்கான் கோப்பைகளிலும் துணிப்பைகளிலும் இன்றுவரை உலகஞ் சுற்றி வருகின்றது. அவ்விருவரையும் வெண்டிரையில் ஏற்றி நடமாடச் செய்தவர் மாக்ஸ் பிளைஷர் என்பார். ஒரு தலைமுறைக் காலம் அமெரிக்காவிற் கொட்டகைதோறும் ஒளிர்ந்த அப்பெயர், அவர் உயிரோடிருக்கும்போதே அவருடைய படங்களின் முகப்பினின்று அகற்றப்பட்டது. அவ்வாறு நேர்ந்ததன் காரணத்தை அறிய வேண்டின் அவர் சரிதத்தைத் தொடக்கமுதல் நோக்குதல் வேண்டும்.

1883-ஆம் வருடம் ஜூலை மாதம் 19-ஆம் தேதி, அந்நாளில் ஆஸ்திரிய-ஹங்கேரிய சாம்ராச்சியத்திற்கு உட்பட்டிருந்த கிராக்கோ நகரில், யூதக் குடும்பம் ஒன்றில் அவர் பிறந்தார். தந்தையார் தையற்றொழில் வல்லவர். 1887-ஆம் வருடம் குடும்பத்தார் நியூயார்க்கிற் குடியேறினர். தந்தையின் வியாபாரம் நொடித்துப்போகவே, புரூக்ளினைச் சேர்ந்த பிரௌன்ஸ்வில் என்னும் எளியோர் குடியிருப்பில் மாக்ஸ் வளர நேர்ந்தது. கூப்பர் யூனியன் முதலிய கல்விச்சாலைகளில் ஓவியமும், தொழிற்பள்ளியொன்றில் இயந்திர வேலையும் பயின்றார். பின்னர்ப் புரூக்ளின் டெய்லி ஈகிள் என்னும் பத்திரிகை நிலையத்தில் ஏவலாளாக நுழைந்து, நாளடைவில் அதன் சித்திரக்காரருள் ஒருவரானார். அதன்பின் பாப்புலர் சயன்ஸ் என்னும் விஞ்ஞான மாசிகையின் சித்திரப் பகுதிக்கு ஆசிரியராய் அமர்ந்தார். தூரிகையும் திருகாணியும் ஒருங்கே கைவந்தவர் அவர். இவ்விரண்டின் கூட்டுறவே அவருடைய பெருமைக்கெல்லாம் மூலமாயிற்று.

அக்காலத்துச் சித்திரப் படங்கள் தட்டுத்தடுமாறி அசைவனவாய், கண்ணுக்கு நோவு தருவனவாய் இருந்தன. ஒரு விநாடிக்குப் பதினாறு சித்திரங்கள் ஓடவேண்டுமாதலின், அத்தனையையும் மனத்தாற் கற்பித்தே வரைந்த ஓவியர்கள் அங்க அசைவுகளை இயற்கையோடு பொருந்த அமைக்க இயலாது இடர்ப்பட்டனர். மாக்ஸ் இதற்கு ஓர் உபாயங் கண்டார். மெய்யான மனிதன் ஒருவனை முதலிற் படம்பிடித்து, அப்படச்சுருளை ஒவ்வொரு கட்டமாக மங்கற் கண்ணாடியின்மேல் விழச்செய்து, அவ்வுருவத்தின் வரம்பைப் பற்றியே காகிதத்தில் வரைந்துகொண்டால் சித்திரமும் மனிதனைப்போல அசையுமன்றோ? இக்கருத்தைக் கருவியாக்குதற்குச் சகோதரர் துணைநின்றனர். தம்பியருள் டேவ் என்பார் கோமாளியுடை தரித்து ஆடிக் காட்டினார். பகலெல்லாம் பிறர்க்கு உழைத்து இரவில் தமக்கு உழைத்து, மாதங்கள் பல கழிந்தபின் சிறியதொரு படம் நிறைவேறிற்று. ரோட்டோஸ்கோப் எனப் பெயர்பெற்ற அக்கருவிக்கு 1915-ஆம் வருடம் விண்ணப்பஞ் செய்து, 1917-ஆம் வருடம் அக்டோபர் மாதத்தில் மாக்ஸ் பேடெண்டு உரிமை எய்தினார். தம் மூளையிற் பிறந்ததற்கு அரசாங்க முத்திரையோடு அவர் பெற்ற முதல் உரிமை இதுவாகும். அவ்வுரிமையின் காலம் பதினேழு வருடங்களே.

முன்னரே அறிமுகமாகியிருந்த ஜே. ஆர். பிரே என்பாருடைய ஸ்டூடியோவில் அவர் வேலை ஏற்றார். ஐரோப்பிய யுத்தகாலத்தில் ஓக்லஹோமா நாட்டிலுள்ள ஃபோர்ட் சில் படைவீட்டிற்குச் சென்று, சேனைக்குப் பயிற்சிப் படங்கள் ஆக்கித் தந்தார். பின்னர் வெளிப்போந்த மைக்கூட்டுப் படங்கள் அவரை நாடறியச் செய்தன. மாக்ஸே திரையிற் தோன்றுவார். மைக்கூட்டில் தோய்த்த பேனாவினின்று கோமாளியொருவன் பிறப்பான். பிறந்தவன் தன்னைப் படைத்தவரோடு வாதாடி, மேசையின்மேல் துள்ளித் திரிந்து, குறும்பெல்லாஞ் செய்து, முடிவில் மைக்கூட்டினுள்ளே மீண்டும் புகுவான். 1921-ஆம் வருடம் மாக்ஸும் டேவும் தனி ஸ்டூடியோ நிறுவினர். கோமாளிக்குக் கோகோ என்று பின்னர்ப் பெயரிட்டனர்.

அந்நாளில் மாக்ஸின் ஊக்கம் எல்லாத் திசையிலும் பாய்ந்தது. ஐன்ஸ்டைனுடைய சார்புக் கொள்கையை விளக்கும் படமொன்றை 1923-இல் வெளியிட்டார். 1924-இல் தொடங்கிய பாட்டுப் படங்களில், திரையின்மேற் பாடலின் சொற்கள் தோன்ற, ஓர் ஒளிப்பந்து சொல்லினின்று சொல்லிற்குக் குதித்துக் கொட்டகையிலுள்ளாரைத் தாளந்தவறாது பாடச் செய்யும். அப்பந்து வரைந்த சித்திரமன்று. கறுப்புக் கையுறை அணிந்த ஒருவர் கோல்நுனியில் தாங்கி அசைத்ததைப் படம்பிடித்ததேயாம். அப்பாட்டுப் படங்களுட் சிலவற்றிற்கு லீ டி ஃபாரஸ்டு என்பாரது ஒலிக்கருவியைக் கொண்டு 1926-க்குள்ளாகவே குரலும் கொடுத்தனர். டிஸ்னியின் மிக்கி எலி ஒலியோடு கூடிய படத்தில் தோன்றிப் புகழெய்தியது 1928-ஆம் வருடத்தின் இறுதியிலேயாம். முந்திச் செய்தவர் ஒருவர், புகழ் கொண்டவர் மற்றொருவர். இது கலையுலகிற் புதிதன்று.

படங்களைத் தாமே விநியோகிப்பதற்கென மாக்ஸ் கூட்டாளிகளோடு நிறுவிய ரெட் சீல் கம்பெனி நெடுநாள் நிலைக்கவில்லை. 1926-இல் அது முறிந்தது. ஆல்பிரெட் வைஸ் என்னும் வியாபாரி கைகொடுக்க முன்வந்து, பாரமவுண்ட் கம்பெனியோடு விநியோக ஒப்பந்தமும் முடித்துக் கொடுத்தார். ஆயினும் கொடுத்த கை விரைவிலேயே ஆளுங்கையாயிற்று. 1929-இல் மாக்ஸும் டேவும் தாம் கட்டிய ஸ்டூடியோவைத் துறந்து வெளியேறிப் பிளைஷர் ஸ்டூடியோ என மீண்டும் புதிதாய்த் தொடங்க வேண்டியதாயிற்று. நாற்பத்தாறாம் பிராயத்தில் இவ்வாறு தொடங்கியவர் இம்முறை பாரமவுண்டோடு நேராகவே ஒப்பந்தம் செய்துகொண்டார். படங்களுக்கு வேண்டிய பணம் அக்கம்பெனியிடமிருந்து வந்தது. படங்களின் பதிப்புரிமையும் அக்கம்பெனியின் பெயராலேயே பதிவாயிற்று. ஆக்குவோர் கையில் ஆக்கும் வேலை மட்டுமே எஞ்சியது. பணம் தாராளமாய் வருங்காலத்தில் இவ்வாசகங்களை யாவர் உற்றுப் படிப்பர்?

1930-ஆம் வருடம் ஆகஸ்டு மாதத்தில் டிஸ்ஸி டிஷஸ் என்னும் படத்தில் பெட்டி பூப் தோன்றினாள். முதலில் நாய்ச்செவியோடு கூடிய விநோத உருவினள். சின்னாட்களில் செவிகள் காதணிகளாயின, அவள் முழு நங்கையானாள். அவளை வரைந்தவர் கிரிம் நாட்விக் என்னும் ஊழியர். மே குவெஸ்டெல் என்னும் நடிகை தந்த மழலைக் குரலும், காப் காலோவே போன்ற நீக்ரோ இசைவாணரின் ஜாஸ் சங்கீதமும், கனவும் அச்சமும் கலந்த கற்பனையும் அப்படங்களுக்குத் தனிச்சுவை அளித்தன. டிஸ்னியின் படங்கள் துப்புரவான தோட்டத்தை ஒக்குமெனின், பிளைஷர் படங்கள் இரவில் விழித்திருக்கும் நகரத்தெருவை ஒக்கும். எமக்கு இரண்டாவதே உவப்பு.

இங்கே நடுநிலையோடு ஒன்று கூறல்வேண்டும். உடைமையால் வருந்திய மாக்ஸே பிறரை நோக்க உடையவராயும் நின்றார். நாட்விக் வரைந்த நங்கை நாட்விக்குக்கு உரியவள் ஆகவில்லை, ஸ்டூடியோவின் சொத்தேயாயினாள். ஹெலன் கேன் என்னும் பாடகி, அவ்வுருவமும் பாடும் பாணியும் தம்முடையன எனக் கூறி, 250,000 டாலர் நஷ்டஈடு கேட்டு 1932-இல் வழக்கிட்டார். 1934-இல் நியூயார்க்கு நியாயஸ்தலத்தில் விசாரணை நிகழ்ந்தது. கேன் பாடுமுன்னரே பேபி எஸ்தர் என்னும் நீக்ரோச் சிறுமி அவ்வாறு பொருளற்ற அசைகளை இடையிட்டுப் பாடிவந்தனள் என்பது சாட்சியத்தால் வெளிப்பட, வழக்குத் தள்ளப்பட்டது. வழக்கை வெல்லுதற்குச் சாட்சியாய் நின்ற அச்சிறுமியின் பாட்டிற்குப் பொருளேதும் கொடுத்தார் இல்லை.

பாப்பையின் வரலாறும் இவ்வகையதே. அம்மாலுமி ஈ. சி. சீகர் என்பார் 1929-இல் பத்திரிகைத் தொடரொன்றில் படைத்தவன். உரிமை கிங் ஃபீச்சர்ஸ் என்னும் கம்பெனியினுடையது. மாக்ஸ் அவர்களிடம் அனுமதி பெற்று, 1933-ஆம் வருடம் ஜூலை மாதம் பெட்டி பூப் வரிசைப் படமொன்றிலேயே அவனை அறிமுகம் செய்தார். குழறிப் பேசும் அவன் மொழியும், முன்கையின் பருமனும், கீரைப் பெட்டியும் மக்களைக் கவர்ந்தன. மிக்கி எலிக்கே அவன் போட்டியாளனாய் நின்றான். பெட்டியின் நிலை இதற்கு மாறாயிற்று. 1934-இல் திரைப்பட ஒழுக்கவிதிகள் கடுமையாகவே, அவளது குட்டைப் பாவாடை நீண்டது; குறும்பு ஒடுங்கியது; அவளோடு படங்களின் உயிரும் ஒடுங்கியதென்றே சொல்லலாம்.

வண்ணப்படம் எடுக்கவும் தடையிருந்தது. மூவண்ணம் தரும் டெக்னிக்கலர் முறையைக் கார்ட்டூன்களில் வழங்கும் தனியுரிமையை டிஸ்னி சில வருடங்களுக்குத் தமதாக்கிக் கொண்டிருந்தார். பிளைஷர் இருவண்ண முறையோடு அமைய நேர்ந்தது. இக்குறையைத் தம் இயந்திர அறிவால் ஈடுசெய்ய முயன்று, சுழலும் மேடைமேல் சிறு தெருக்களையும் குகைகளையும் உண்மையாகவே கட்டி, அவற்றின்முன் செல்லுலாய்டுத் தகட்டுச் சித்திரங்களை நிறுத்திப் படம்பிடித்தார். 1936-இல் வெளிவந்த சிந்துபாதுக் கதைப் படத்தில் பாப்பை நடக்க நடக்க அவன் பின்னே குகை மெய்யாய்த் திரும்புவதைக் காண்போர், இன்றைய கணக்கிடு பொறிகள் இல்லாத காலத்து வேலை அதுவென்று எண்ணி வியப்பர்.

1937-ஆம் வருடம் மே மாதம் ஊழியர் வேலைநிறுத்தம் தொடங்கினர். ஊதியக் குறைவும் வேலைநேர மிகுதியும் அவர்தம் குறைகள். அது அக்டோபர் வரை நீடித்தது. மாக்ஸ் தம்மைக் குடும்பத் தலைவராகவும் ஊழியரைப் பிள்ளைகளாகவும் எண்ணியிருந்தாராதலின் மனம் மிக நொந்தார். பிள்ளைகளும் வாடகை கொடுக்கவேண்டியவர்களே என்பதை அவர் உணர்ந்திலர் போலும். மறுவருடம் ஸ்டூடியோ முழுவதையும் ஃபுளோரிடாவிலுள்ள மியாமிக்குப் பெயர்த்தார். டிஸ்னியின் ஸ்னோ ஒயிட் பெற்ற வெற்றியைக் கண்ட பாரமவுண்ட், அதுபோல நீண்ட படமொன்றை விரும்பிக் கடன் கொடுத்தது. அந்த ஸ்னோ ஒயிட் படத்திலேயே மெய்ந்நடிகரைப் பார்த்து வரையும் முறை கையாளப்பட்டிருந்தது. மாக்ஸின் பேடெண்டோ அதற்குள் காலங்கடந்துவிட்டது. நம் ஆங்கில வகுப்பில் ஸ்விப்டைப் பயின்றோர் அறிந்த கலிவரின் யாத்திரையை மாக்ஸ் தேர்ந்துகொண்டார். ஊழியர் தொகை சுமார் 700 வரை பெருகிற்று. 1939-ஆம் வருடம் டிசம்பரில் படம் வெளிவந்து நன்றாகவே ஓடியது. ஆயின் ஐரோப்பாவில் யுத்தம் மூண்டு அந்நாட்டுக் கொட்டகைகள் அடைபட்டமையால், செலவை மீட்க அவ்வரும்படி போதவில்லை.

கடன் வளர்ந்தது. சகோதரர் இருவரும் ஒருவரோடொருவர் பேசாத நிலையும் வளர்ந்தது. 1941-ஆம் வருடம் மே மாதம் கடனுக்கு ஈடாகப் பாரமவுண்ட் ஸ்டூடியோவைத் தன் வசமாக்கிக்கொண்டது. மாக்ஸும் டேவும் முன்கூட்டியே எழுதிக் கையொப்பமிட்ட விலகற் கடிதங்களையும் வாங்கி வைத்துக்கொண்டது. தம் பெயர் பொறித்த வாயிலினுள்ளே கூலியாளாய் நுழைந்து மாக்ஸ் மேலும் சில மாதங்கள் உழைத்தார். அச்சில மாதங்களில் வெளிவந்தவையே சூப்பர்மேன் படங்கள். அவ்வீரனைப் படைத்த இளைஞர் இருவரும் 1938-இல் 130 டாலருக்கு அவனை விற்றிருந்தனர். ஏசா தன் சேஷ்ட புத்திரபாகத்தை விற்ற விலையினும் அது சிறிதே மேலாகும். 1941 டிசம்பரில் இரண்டாவது நீண்ட படம் வெளிவந்த அதே வாரத்தில் பேர்ல் துறைமுகம் தாக்குண்டது. படத்தை நினைப்பார் இலர். டேவ் முன்னரே விலகிவிட்டார். வருட இறுதியில் மாக்ஸும் வெளியேறினார். ஸ்டூடியோ ஃபேமஸ் ஸ்டூடியோ என்னும் புதுப்பெயரோடு நியூயார்க்குக்கே திரும்பியது. மாக்ஸின் மகளை மணந்த சீமர் நைடெல் அங்கே தொடர்ந்து படங்களை இயக்கிவந்தார்.

மாக்ஸ் டிட்ராயிட்டிலுள்ள ஜாம் ஹாண்டி கம்பெனியில் ஊழியரானார். சிவந்த மூக்குடைய ருடால்ஃப் என்னும் கலைமானைப் பற்றி 1948-இல் அங்கு அவர் ஆக்கிய சிறுபடம் கிறிஸ்துமஸ் காலத்திற்கு உரியது. அவர் மகன் ரிச்சர்டு பிளைஷர் திரைப்பட இயக்குநராய் விளங்கினார். டிஸ்னி அவரைத் தம் படமொன்றை இயக்க அழைத்தபோது, ரிச்சர்டு தந்தையின் அனுமதியைக் கேட்டார், மாக்ஸ் மறுக்கவில்லை. அப்படம் 1954-இல் வெளிவந்தது. பின்னர் மாக்ஸ் டிஸ்னியின் ஸ்டூடியோவிற்கு விருந்தினராய்ச் சென்று, ஒருகாலத்தில் தம்மிடம் பணிசெய்த ஓவியர்களை அங்கே சந்தித்தார்.

இதற்கிடையில் டெலிவிஷன் பரவியது. பழம்படங்களுக்கு விலை பிறந்தது. 1955-இல் பாரமவுண்ட் பெட்டி பூப் முதலிய சிறுபடங்களை ஒரு கம்பெனிக்கும், 1956-இல் பாப்பை படங்களை ஏ. ஏ. பி. என்னும் மற்றொரு கம்பெனிக்கும் விற்றது. வீடுதோறும் அப்படங்கள் ஓடின. அவற்றால் மாக்ஸுக்கு வந்தது யாதுமில்லை. தம் பெயர் நீக்கப்பட்டதையும் ஒப்பந்தம் மீறப்பட்டதையும் எடுத்துரைத்து அவர் வழக்காடினார். வருடங்கள் பல கழிந்தபின் தோற்றார். 1972-ஆம் வருடம் செப்டம்பர் மாதம், காலிபோர்னியாவில் திரைப்படத் தொழிலாளரின் முதுமைக்கென அமைந்த இல்லத்தில், எண்பத்தொன்பதாம் பிராயத்தில் காலமானார்.

படங்கள் அவருக்குப் பின்னும் கைமாறிக்கொண்டே இருந்தன. பாப்பை யுனைட்டெட் ஆர்ட்டிஸ்ட்ஸ், எம். ஜி. எம்., டர்னர் என்னும் கம்பெனிகளின் வழியாய் 1996-இல் டைம் வார்னரை அடைந்தான். பெட்டி பூப் படங்கள் பல கம்பெனிகளைச் சுற்றி, 1990-களில் பாரமவுண்டை வாங்கியிருந்த வையகாமிடமே வந்துசேர்ந்தன. சூப்பர்மேன் படங்களும் கலிவர் படமும் உரிமை புதுப்பிக்கப்படாமையால் பொதுச் சொத்தாயின. பெட்டியின் உருவத்தை மட்டும் மாக்ஸின் குடும்பத்தார் மீளப்பெற்று, மீண்டும் நிறுவிய பிளைஷர் ஸ்டூடியோவின் பெயரால் உரிமம் வழங்கி வந்தனர். அவ்வுருவத்தை அனுமதியின்றி அச்சிட்டு விற்ற கம்பெனியின்மேல் அவர்கள் வழக்கிட்டபோது, 1941-இல் தொடங்கிய உரிமைச் சங்கிலியின் கண்ணிகளை முறையாக நிரூபிக்க இயலவில்லையென மேல்முறையீட்டு நியாயஸ்தலம் 2011-இல் தீர்ப்பளித்தது. 1930-ஆம் வருடத்து முதற்படத்திற்கு அமெரிக்கச் சட்டம் அளித்த தொண்ணூற்றைந்து வருடப் பதிப்புரிமை 2025-ஆம் வருடத்தின் கடைசி நாளோடு முடிவெய்தியது. நாய்ச்செவியோடு கூடிய அப்பழைய பெட்டியை அதன்பின் எவரும் வரையலாம்.