ஓயாத தேடல் – ஜான் கோல்ட்ரேன்

சேகரிப்போர் பலவகையினர். தபால்தலை சேர்ப்போர் உண்டு. பழைய நாணயம் சேர்ப்போர் உண்டு. தீப்பெட்டிப் படம் சேர்ப்போரும் உண்டு. ஜப்பானில் முதன்முதலாக அச்சான குறுந்தகடுகளை மட்டுமே தேடி வாங்குவோரும் இருக்கிறார்கள் என்றால் நண்பர்கள் வியப்படையக்கூடும். அந்த வியப்பு எனக்கும் ஏற்பட்டது. பிறகு அந்த ஆசை என்னையும் பிடித்துக்கொண்டது. அதிலிருந்து என்னை மீட்டவர், நான் பிறப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே மறைந்துவிட்ட ஓர் அமெரிக்கக் கறுப்பின இசைவாணர். அவருடைய வாழ்வைச் சொல்லவே இக்கட்டுரை.

என் தாய்மாமன் சரக்குக் கப்பலில் பொறியாளராகப் பணியாற்றியவர். 1980களில் அவருடைய கப்பல் யோகோஹாமா, கோபே, நாகசாகித் துறைமுகங்களுக்கு அடிக்கடி போகும். உலகின் முதல் குறுந்தகடுகள் விற்பனைக்கு வந்த நாடு ஜப்பான். 1982ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள் சோனி நிறுவனத்தின் முதல் குறுந்தகடு இசைக்கருவியும், அதனுடன் ஏறத்தாழ ஐம்பது குறுந்தகடுகளும் அங்கே கடைக்கு வந்தன. தகடு ஒன்றின் விலை பெரும்பாலும் 3,500 யென். அதனால்தான் அக்காலத்துத் தகடுகள் பலவற்றின் பதிவெண்ணில் 35 என்ற எண் இருக்கும். உறையின் ஓரத்தில் ஜப்பானிய எழுத்துகளுடன் ஒரு காகிதப் பட்டை சுற்றியிருக்கும். அதற்கு ஓபி என்று பெயர். கிமோனோ உடையின் இடுப்புக் கச்சைக்கு உரிய பெயர் அது. பட்டை கிழியாமல் இருந்தால் தகட்டின் மதிப்புப் பல மடங்கு உயரும். பீட்டில்ஸ் குழுவினரின் அபே ரோடு தொகுப்பு 1983இல் ஜப்பானில் மட்டும் குறுந்தகடாக வந்து, சில காலத்திலேயே நிறுத்தப்பட்டது. உலகின் பிற பகுதிகளுக்கு அது 1987இல்தான் கிடைத்தது. அந்த ஜப்பானியத் தகட்டுக்கு இன்றும் போட்டி இருக்கிறது.

இதற்கு ஏன் இத்தனை மதிப்பு? பழைய கறுப்பு இசைத்தட்டில், அச்சுவார்ப்பு தேயத் தேய ஒலியும் தேயும். ஆகவே முதலில் அச்சானது உயர்வு. குறுந்தகட்டில் ஒலி எண்களாகப் பதிகிறது. ஒரே மூலத்திலிருந்து முதலில் அச்சானதும் பத்தாயிரமாவதாக அச்சானதும் ஒலியில் ஒன்றே. வேறுபாடு, நாடாவிலிருந்த ஒலியை எண்களாக மாற்றிய முறையில் இருக்கிறது. 1990களில், ஒலியைச் செயற்கையாக உரக்கச் செய்யும் வழக்கம் பெருகியது. மெல்லிய ஒலிக்கும் வல்லொலிக்கும் உள்ள இடைவெளி குறைந்தது. முந்தைய தகடுகளில் அந்தக் கைவேலை இல்லை. சேகரிப்போரின் ஆசைக்கு இப்படி ஒரு நியாயமான காரணமும் உண்டு.

மாமா பணி ஓய்வு பெற்று ஊர் திரும்பியபோது, இருபத்தாறு தகடுகள் கொண்ட ஒரு பெட்டியை என்னிடம் தந்தார். பழைய இசைக்கருவி ஒன்றையும் சேர்த்தே கொடுத்தார். நானோ முதலில் விலையை விசாரித்தேன். விசாரித்த அன்று முதல் இசை போயிற்று, கவலை வந்தது. ஒவ்வொரு தகட்டையும் பாலிதீன் உறையில் இட்டு, பெட்டியை விடுதி அலமாரியில் பூட்டினேன். என் அறைத்தோழன் நாகசுரக் கலைஞர் ஒருவரின் மகன். உறைப்படத்தில் வளைந்த குழலுடன் நிற்கும் மனிதரைப் பார்த்து, அந்தக் குழல் எப்படிப் பேசும் என்று கேட்டுப் பார்க்க விரும்பினான். கீறல் விழுந்துவிடும் என்று மறுத்துவிட்டேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் அன்றிரவு உறக்கம் வரவில்லை.

மறுநாள் பூட்டைத் திறந்தேன். மைல்ஸ் டேவிஸின் கைண்ட் ஆஃப் ப்ளூ தொகுப்பைப் போட்டோம். தோழன் தன் கைப்பேசியிலும் அதே பாடலைத் தேடி எடுத்து, இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டான். பிறகு, இரண்டும் ஒரே சுருதியில் இல்லையே என்றான். நான் நம்பவில்லை. படித்துப் பார்த்தபோது அவன் செவியே வென்றது. 1959 மார்ச் 2ஆம் நாள் நியூயார்க்கில் அத்தொகுப்பின் முதல் மூன்று பாடல்கள் பதிவானபோது, நாடா இயந்திரம் சற்று மெதுவாக ஓடியிருக்கிறது. அந்த நாடாவைச் சரியான வேகத்தில் ஓட்டினால் பாடல் விரைந்து, சுருதி சற்று ஏறிவிடும். முப்பது ஆண்டுகளுக்கு மேல் உலகம் முழுவதும் அந்தப் பிழையையே கேட்டது. 1992இல்தான் திருத்திய பதிப்பு வந்தது. நான் பூட்டி வைத்துக் காத்த முதல் பதிப்பு, பிழையான பதிப்பு!

வாய்விட்டுச் சிரித்தோம். அன்று முதல் பெட்டியிலிருந்த தகடுகளை வரிசையாகக் கேட்கத் தொடங்கினோம். இருபத்தாறில் பதினொன்றில் ஒரே பெயர் இருந்தது: ஜான் கோல்ட்ரேன். கைண்ட் ஆஃப் ப்ளூவில் டெனர் சாக்சபோன் வாசித்தவரும் அவரே.

ஜான் கோல்ட்ரேன் 1926 செப்டம்பர் 23ஆம் நாள் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் ஹேம்லெட் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை தையற்காரர், ஓய்வு நேரத்தில் இசைக்கருவி வாசிப்பவர். பாட்டனார் இருவரும் தேவாலயப் போதகர்கள். ஹை பாயிண்ட் என்னும் ஊரில், கறுப்பினத்தார்க்கெனத் தனியே ஒதுக்கப்பட்ட பள்ளியில் படித்தார். பன்னிரண்டாம் வயதில் பேரிடி விழுந்தது. சில மாத இடைவெளியில் தந்தை, தாய்வழிப் பாட்டனார், பாட்டி ஆகியோர் அடுத்தடுத்து மறைந்தனர். அந்தத் துயரக் காலத்தில்தான் சிறுவன் இசைக்குழுவில் சேர்ந்து குழலைக் கையில் எடுத்தான். பிறகு அதைக் கீழே வைக்கவே இல்லை.

1943இல் பிலடெல்பியா நகருக்குக் குடிபெயர்ந்தார். சர்க்கரை ஆலையில் வேலை செய்துகொண்டே இசை பயின்றார். 1945இல் கடற்படையில் சேர்ந்து ஹவாய்த் தீவில் பணிபுரிந்தார். அங்கே 1946இல் தோழர்களுடன் வாசித்ததே அவருடைய முதல் ஒலிப்பதிவு. திரும்பி வந்தபின் பல குழுக்களில் கூலிக்கு வாசித்தார். டிசி கில்லெஸ்பியின் குழுவில் இடம் கிடைத்தது. ஆனால் அக்காலத்து ஜாஸ் கலைஞர் பலரை அழித்த ஹெராயின் என்னும் நஞ்சு இவரையும் பற்றிக்கொண்டது.

1955இல் மைல்ஸ் டேவிஸ் இவரைத் தம் குழுவில் சேர்த்துக்கொண்டார். புகழ் வந்தது, பழக்கம் போகவில்லை. 1957இல் குழுவிலிருந்து நீக்கப்பட்டார். பிலடெல்பியாவில் தாயார் இருந்த வீட்டுக்குத் திரும்பி, அறைக்குள் தம்மை அடைத்துக்கொண்டு, போதைப் பழக்கத்தோடு போராடி அதை விட்டொழித்தார். அந்த ஆண்டில் இறையருளால் தமக்கு ஒரு புதுப் பிறப்பு நேர்ந்ததாகப் பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார். அப்போது அவருக்கு வயது முப்பது. எஞ்சியிருந்தவை பத்தே ஆண்டுகள்!

அந்தப் பத்து ஆண்டுகளில் அவர் நடந்த தொலைவை எண்ணினால் மலைப்பே ஏற்படுகிறது. 1957இலேயே தெலோனியஸ் மாங்க் என்னும் பியானோ மேதையிடம் சேர்ந்து, நியூயார்க்கின் ஃபைவ் ஸ்பாட் விடுதியில் இரவுதோறும் வாசித்தார். அதே ஆண்டு செப்டம்பரில் ப்ளூ ட்ரெய்ன் பதிவாயிற்று. 1959இல் ஜயண்ட் ஸ்டெப்ஸ் பதிவாயிற்று. சுரக் கட்டுகள் அத்தனை வேகமாக மாறும் அப்பாடல் இன்றும் சாக்சபோன் பயில்வோர்க்குத் தேர்வு போன்றது. மற்றவராயின் அந்த வெற்றியையே வாழ்நாள் முழுவதும் திரும்ப வாசித்திருப்பர். அவரோ அதை அங்கேயே விட்டுவிட்டு, ஒரே சுரத்தைப் பற்றி நின்று விரிக்கும் முறைக்கு மாறினார். 1961இல் அவருடைய இசை ஜாஸுக்கே பகை என்று அமெரிக்க இதழில் விமர்சகர் எழுதினர். அவர் சினந்து பதில் சொல்லவில்லை. மேலும் பயிற்சி செய்தார். பயிற்சிதான் அவருடைய பொழுதுபோக்கும்.

இந்திய இசையின்பால் அவருக்குப் பெரும் ஈடுபாடு இருந்தது. இந்தியா என்றே ஓர் உருப்படிக்குப் பெயரிட்டு 1961இல் வாசித்தார். 1965இல் பிறந்த மகனுக்கு, சிதார் மேதை ரவிசங்கரின் நினைவாக ரவி என்று பெயர் சூட்டினார்.

1963 செப்டம்பர் 15ஆம் நாள், அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாம் நகரில் கறுப்பினத்தாரின் தேவாலயம் ஒன்றில் இனவெறியர் குண்டு வைத்தனர். நான்கு சிறுமியர் மாண்டனர். இரண்டே மாதத்தில் அலபாமா என்ற பெயரில் கோல்ட்ரேன் ஓர் இரங்கலிசை பதிவு செய்தார. அதில் ஒரு சொல் இல்லை. கேட்போர் கண் கலங்காமல் இருப்பது அரிது.

1964 டிசம்பர் 9ஆம் நாள் எ லவ் சுப்ரீம் என்னும் தொகுப்பைத் தம் நால்வர் குழுவுடன் ஒரே நாளில் பதிவு செய்தார். நான்கு பகுதிகள் கொண்ட அது, இறைவனுக்கு நன்றி கூறும் காணிக்கை. நான்காம் பகுதியில், தாம் எழுதிய துதிப்பாடலின் சொற்களை அசை அசையாகச் சாக்சபோனிலேயே வாசிக்கிறார். கீர்த்தனையின் சாகித்தியம் நாகசுரத்தில் கேட்பதுபோல இருக்கிறது என்று என் தோழன் சொன்னதும் இந்தப் பகுதியைக் கேட்டுத்தான்.

1966 ஜூலையில் கோல்ட்ரேன் ஜப்பானுக்கு வந்தார். அந்நாட்டில் ஜாஸ் கிஸ்ஸா என்னும் தேநீர்க் கடைகள் உண்டு. இசைத்தட்டுகள் விலையேறிய பொருளாக இருந்த காலத்தில், ஒரு கோப்பைக் காப்பி வாங்கிக்கொண்டு, பேசாமல் அமர்ந்து இசை கேட்கும் இடங்கள் அவை. அங்கே அவர் இசையைக் கேட்டு வளர்ந்தவர்கள் அரங்குகளை நிறைத்தனர். ஜூலை 14ஆம் நாள் நாகசாகி போய்ச் சேர்ந்தார். அணுகுண்டுக்கு இரையானோரின் நினைவிடத்துக்குச் சென்று, மலர் வைத்து, கண்மூடித் தொழுது நின்றார்.

ஜூலை 22ஆம் நாள் டோக்கியோவில் மை ஃபேவரிட் திங்ஸ் வாசித்தார். அவருக்குப் பெருவாரியான மக்களிடையே புகழ் தேடித் தந்த பாடல் அது. 1960இல் முதலில் பதிவானபோது அதன் நீளம் பதினான்கு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. டோக்கியோவில் அதுவே ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஓடியது! மெட்டு அடையாளம் தெரியாத அளவுக்கு உருகி, உடைந்து, மீண்டும் எழுந்தது. முதற்பதிவை எதிர்பார்த்து வந்தவர்கள் திகைத்திருப்பர். அவரோ தம் முதற்பதிவைக்கூடச் சேமித்து வைக்க விரும்பாதவர். அந்த நிகழ்ச்சிகள் 1991இல் நான்கு குறுந்தகடுகளாக வெளிவந்தன. மாமாவின் பெட்டியில் அவையும் இருந்தன.

அப்போதே உடல்நலம் குன்றத் தொடங்கியிருந்தது. மறு ஆண்டு, 1967 ஜூலை 17ஆம் நாள், கல்லீரல் புற்றுநோயால் கோல்ட்ரேன் மறைந்தார். வயது நாற்பது. மனைவி ஆலிஸ் தாமும் பியானோ, ஹார்ப் வாசிக்கும் சிறந்த கலைஞர். கணவரை இழந்து கலங்கிய அவருக்கு ஆறுதல் தந்த குரு சுவாமி சச்சிதானந்தர். நம் கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்தில் பிறந்தவர்! குருவின் பெயரிலேயே ஆலிஸ் 1971இல் ஒரு தொகுப்பு வெளியிட்டார். வட கரோலினாவில் தொடங்கிய தேடல் கொங்கு நாட்டு மண்ணையும் தொட்டது என்றால் மிகையாகாது.

2007இல் புலிட்சர் பரிசுக் குழு மறைந்த அம்மேதைக்குச் சிறப்பு விருது அளித்தது. 1963இல் அவர் பதிவு செய்து, மூல நாடா தொலைந்துபோன ஒரு தொகுப்பு, முதல் மனைவி நயீமாவின் குடும்பத்தார் காத்து வைத்திருந்த படியின் உதவியால் 2018இல் வெளிவந்தது. யாரோ ஒருவர் பத்திரமாக வைத்திருந்ததால் உலகம் கேட்க முடிந்தது. ஆகவே சேகரிப்பதை நான் குறை கூறவில்லை. சேகரித்ததைக் கேளாமலும் கேட்க விடாமலும் இருப்பதே குறை.

மாமாவிடம் தொலைபேசியில் சுருதிப் பிழையைப் பற்றிச் சொன்னேன். பிழையோடுதான் நாற்பது ஆண்டாகக் கேட்கிறேன், அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது என்று சிரித்தார். நாகசாகியில் கப்பல் பழுதுபார்க்க நின்ற நாளில், அந்த நினைவிடத்துக்குப் போய்வந்த பிறகே கோல்ட்ரேனின் முதல் தகட்டை வாங்கினாராம். பெட்டியைத் தரும்போது அவர் அதை எனக்குச் சொல்லவில்லை. நான் கேட்கவுமில்லை, விலையை அல்லவா விசாரித்துக்கொண்டிருந்தேன்!

இப்போது சனிக்கிழமை மாலைதோறும் எங்கள் அறைக் கதவு திறந்திருக்கிறது. நான்கைந்து பேர் வந்து அமர்கிறார்கள். இரண்டு தகடுகளில் கீறல் விழுந்துவிட்டது. ஓர் ஓபியும் கிழிந்தது. விலை குறைந்திருக்கும். என் தோழன் விடுமுறையில் ஊருக்குச் சென்றபோது, அந்தத் துதிப்பாடலைத் தன் தந்தைக்குப் போட்டுக் காட்ட வேண்டும் என்றான். எ லவ் சுப்ரீம் தகட்டை உறையோடு எடுத்து அவன் கையில் கொடுத்தேன்.