கஜுலு இலட்சுமிநரசு செட்டியார்

பருத்தியும் பனியனும் பிழைப்பாகக் கொண்ட திருப்பூர் நாட்டினின்று வந்து இக்கல்லூரியிற் பயில்வோர் எம்மிற் சிலர் உளர். திங்கட்கிழமைதோறும் ஆங்கு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் நடைபெறுதலை யாம் அறிவோம். பவர் டேபிள் பட்டறை வைத்துக் கூலிக்குத் தைத்துக் கொடுப்போரும், நாலு தறி போட்டு நெய்வோரும், தெருவோரத்திற் கடை பரப்புவோரும் கையில் மனுவோடு நிற்பர். 2022-ஆம் ஆண்டு மே மாதத்தில் நூல் விலையேற்றத்தால் நலிவுற்றுத் திருப்பூர்ப் பனியன் உற்பத்தியாளர் இரண்டு நாள் தொழில் நிறுத்தஞ் செய்தபோதும், அவர்தம் முறையீடு அரசின் செவிக்கே சென்றது.

எளியோர் பலர் ஒருங்குகூடி ஒப்பமிட்டுத் தங் குறையை ஆள்வோர்க்கு எடுத்துரைக்கும் இம்முறையைத் தென்னாட்டில் வளர்த்தவருள் முதன்மையானவர் கஜுலு இலட்சுமிநரசு செட்டியார். அவரும் துணி விற்ற வணிகரே. ஆயினும், மனு எழுதும் நம்மவர் நாவில் அவர் பெயர் பயிலக் காணோம். ஆதலின் அவர் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

செட்டியார் 1806-ஆம் ஆண்டில் சென்னையிற் பிறந்தார். தந்தையார் சிதுலு செட்டியார் அவுரி நீலமும் துணியும் வணிகஞ் செய்தவர். மைந்தரும் இளமையிலேயே அவ்வணிகத்தில் இறங்கிப் பெரும்பொருள் ஈட்டினார். வணிகத்தில் வென்றவர் பலர் மாளிகையோடும் அறக்கட்டளையோடும் அமைந்துவிடுவர். செட்டியாரோ தாம் ஈட்டியதைப் பொதுக்காரியத்திற் செலவிடத் துணிந்தார். 1844-இல், பிறை என்று பொருள்படும் ‘கிரெசென்ட்’ என்னும் ஆங்கிலச் செய்தித்தாளைத் தொடங்கினார். எட்வர்டு ஹார்லி என்னும் ஆங்கிலேயரை அதற்கு ஆசிரியராக்கினார். ஆள்வோர் அறிந்த மொழியிலேயே ஆளப்படுவோர் குறையைக் கூறவேண்டும் என்பது அவர் கருத்து. அரசினர் அத்தாளை வெறுத்தனர். எனினும் அவர் தளர்ந்திலர்.

இவ்விடத்து ஓர் உண்மையை மறையாது கூறுதல் எம் கடன். செட்டியார் கிறிஸ்தவச் சங்கங்களை வன்மையாக எதிர்த்தவர். அரசினர் பள்ளிகளில் வேதபாடம் புகுத்த முயன்றகாலை, 1846-இல் சென்னை மக்களைக் கூட்டி அதற்கெதிராக விண்ணப்பம் எழுப்பினார். மதம் மாறியவர் தம் முன்னோர் சொத்தில் உரிமை இழவாதிருக்கச் செய்த சட்ட முயற்சியையும் எதிர்த்தார். ஆயினும் அச்சட்டம் 1850-இல் நிறைவேறிற்று. அச்சட்டத்தால் நிழல் பெற்ற குடும்பங்களின் வழித்தோன்றல்கள் நம் கல்லூரியிலும் இருத்தல் கூடும். அங்ஙனமாயின், நம் முன்னோர்க்கு எதிராக எழுதியவரை இவ்வேட்டிற் புகழ்தல் தகுமோ என ஐயுறுவார் உண்டு. தகும் என்பதே எம் துணிபு. அவர் நம் கருத்தை எதிர்த்தது தடிகொண்டன்று. கூட்டங் கூடியும், காரணங் காட்டியும், கையொப்பமிட்டுமே எதிர்த்தார். நாம் வேண்டும் உரிமையை நம்மை எதிர்ப்பவர்க்கும் ஈயாவிடின், அஃது உரிமையாகாது, சலுகையே ஆகும். சொத்துரிமை பற்றி அவர் கொண்ட கொள்கை பிழை என்று கூறும் உரிமையும் நமக்கு அவ்வாறே உண்டு.

1852-ஆம் ஆண்டு பெப்ருவரித் திங்களில் சென்னைச் சுதேசி சங்கம் அவர் முயற்சியால் தோன்றியது. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியுரிமைச் சாசனம் அடுத்த ஆண்டு புதுப்பிக்கப்பட இருந்தது. அதற்கு முன்னரே மக்கள் குறைகளைத் தொகுத்து இங்கிலாந்துப் பாராளுமன்றத்திற்குச் சங்கத்தார் நெடியதோர் விண்ணப்பம் விடுத்தனர். நிலவரியின் கொடுமை அதில் முதலிடம் பெற்றது. அதனோடு மோதர்பா என்னும் தொழில்வரியும் எடுத்துரைக்கப்பட்டது. நம் கல்வெட்டுக்களில் தறியிறை, செக்கிறை எனப் பயில்வனவற்றைப் பழந்தமிழ் கற்போர் அறிவர். மோதர்பா அவற்றின் உறவே எனலாம். நெசவாளர், தச்சர், கொல்லர், கடைகாரர், தெருவில் வைத்து விற்போர் ஆகிய எல்லாரும் அவ்வரிக்கு உட்பட்டனர். சிலர் தம் கைக்கருவிகளுக்கே வரி இறுத்தனர். வரித்தொகையைவிட, வரி தண்டுவோர் வீடு புகுந்து ஆராய்ந்து செய்த தொல்லையே பெரிதாயிற்று. திருப்பூர்ப் பகுதி அந்நாளிற் கோயம்புத்தூர் மாவட்டத்தில் அடங்கியிருந்தது. சென்னையில் எழுதப்பட்ட அவ்விண்ணப்பம், கொங்குநாட்டுத் தறிக்காரர் போன்ற தொலைவூர்க் கைத்தொழிலாளர்க்கும் வாயாக அமைந்தது.

பாராளுமன்றமோ அவ்விண்ணப்பத்தைப் பெரிதும் பொருட்படுத்தவில்லை. 1853-இற் சாசனம் புதுப்பிக்கப்பட்டது. பிறராயின் இத்துடன் சோர்ந்திருப்பர். செட்டியாரோ, சொல் நம்பப்படாவிடின் கண்ணாற் காட்டவேண்டும் எனக் கருதினார். அவ்வாண்டு இறுதியில் பாராளுமன்ற உறுப்பினர் டான்பி சீமோர் சென்னைக்கு வந்தார். செட்டியார் அவரை உள்நாட்டு ஊர்களுக்கு அழைத்துச் சென்று, உழவர் படுந் துன்பங்களை நேரிற் காணச் செய்தார். வரிபாக்கிக்காக மக்களை வெயிலில் நிறுத்தலும், முதுகிற் கல்லேற்றலும், கிட்டி கொண்டு விரல் நெரித்தலும் நிகழ்ந்தன என்பது பாராளுமன்றத்தில் 1854-இல் வெளிப்பட்டது. அதன்பின் சித்திரவதையை ஆராய மூவர் அடங்கிய குழுவை அரசினர் அமர்த்தினர். குழு கூடிய செய்தி பரவியதும், நெடுந்தொலைவினின்று ஏழை மக்கள் சென்னைக்கு நடந்தே வந்தனர். நேரிலும் எழுத்திலுமாக 1,959 முறையீடுகள் குழுவை அடைந்தன. கொடுமை உண்மையே என 1855-இல் அக்குழு அறிக்கை தந்தது. ஆளும் அரசே தன் அலுவலர் செய்த குற்றத்தை ஒப்புக்கொள்ள நேர்ந்தது.

செட்டியார் கம்பெனி ஆட்சி ஒழிந்து அரசியாரின் நேராட்சி வரவேண்டும் எனவும் விண்ணப்பித்தார். அம்மாறுதல், 1857-இன் பெருங்கிளர்ச்சிக்குப்பின், 1858-இல் நிகழ்ந்தது. மோதர்பாவும் பின்னர் ஒழிந்தது. இவையெல்லாம் அவர் ஒருவராலேயே நிகழ்ந்தன எனக் கூறோம். பலர் குரலுக்கு அவர் பொருளும் நாளும் ஈந்து துணைநின்றார் என்பதே பொருந்தும். முன்பு அவரை ஐயுற்ற அரசினர் ‘ஸி.எஸ்.ஐ.’ பட்டம் அளித்தனர். 1863-இற் சென்னைச் சட்டசபை உறுப்பினராகவும் நியமித்தனர். ஆனால் அதற்குள் அவர் செல்வம் பொதுப்பணியிலேயே கரைந்துவிட்டது. 1868-இல் வறுமையுற்றவராய் அவர் மறைந்தார்.

அன்பர்களே! அவர் கணக்கேட்டைப் புரட்டும் வணிகன் அதனை நட்டம் என்பான். தறிக்காரனும் உழவனும் தாள் ஒன்றில் ஒப்பமிட்டு அரசைக் கேள்வி கேட்கலாம் என்னும் துணிவே அவர் ஈட்டிய இலாபம் என யாம் கொள்கிறோம். நம்முட் பலர் நாளை படித்துப் பட்டம் பெற்று, மனு எழுதத் தெரிந்தவராய் ஊர் திரும்புவோம். பக்கத்துப் பட்டறைக்காரர் ஒரு மனு எழுதித் தரக் கேட்பின், அவர் எம்மதத்தவர், எக்கட்சியினர் என வினவாது எழுதிக் கொடுப்போமாக. வேண்டுமிடத்து, அவரோடு திங்கட்கிழமை வரிசையிலும் சென்று நிற்போமாக. நம்மை எதிர்த்தவரிடமிருந்தும் நாம் கற்றுக்கொண்ட பாடம் இது.