வானத்தைப் படம் பிடித்த கான்ட்ராக்டர்

ஐசக் ராபர்ட்ஸ் 1829-ல் வேல்ஸ் நாட்டில் பிறந்தவர். சின்ன வயதிலேயே இங்கிலாந்தின் லிவர்பூல் நகரத்தில் கட்டட வேலை கத்துக்கப் போனார். படிப்படியாகப் பெரிய கான்ட்ராக்டர் ஆனார். வானவியல் அவருக்குத் தொழில் கிடையாது, ஆசைதான். ஐம்பது வயதுக்கு மேலேதான் வானத்தைப் படம் பிடிக்கவே ஆரம்பித்தார்!

லிவர்பூலுக்குப் பக்கத்தில் இருந்த தன் வீட்டில் 20 அங்குல கண்ணாடி வைத்த தொலைநோக்கியை அமைத்தார். அந்தக் காலத்தில் மருந்து பூசிய கண்ணாடித் தகட்டில்தான் படம் விழும். மங்கலான பொருள் என்றால் மணிக்கணக்கில் தகட்டைத் திறந்து வைக்க வேண்டும். ஆனால் பூமிதான் சுற்றிக்கொண்டே இருக்கிறதே, நட்சத்திரம் நகர்ந்து படம் கோடு கோடாக ஆகிவிடாதா? அதற்காகத் தொலைநோக்கியையே கடிகார இயந்திரம் மெதுவாகத் திருப்பும். கூடவே இன்னொரு சின்ன தொலைநோக்கியில் ஒரு நட்சத்திரத்தை விடாமல் பார்த்து, விலகினால் சரி செய்ய வேண்டும். நடுவில் மேகம் வந்தால் எல்லாம் போச்சு. அதுவும் டிசம்பர் மாதக் குளிரில்!

1888 டிசம்பர் 29-ஆம் தேதி ஆண்ட்ரோமீடாவைப் படம் பிடித்தார். நல்ல இருட்டில் வெறும் கண்ணுக்கே அது புகை மாதிரி தெரியும். பெரிய தொலைநோக்கியில் பார்த்தவர்களுக்கும் பிடிபடாத சுருள் வடிவம், அந்தத் தகட்டில் தெளிவாக விழுந்திருந்தது.

அது என்ன என்பதில்தான் அவர் தவறினார். வாயு சுழன்று புது சூரியக் குடும்பம் உருவாகிறது, பக்கத்தில் உள்ள சின்னப் புள்ளிகள் கிரகங்களாகப் போகின்றன என்று நினைத்தார். 1895-ல் லண்டன் ராயல் வானவியல் கழகம் தங்கப் பதக்கம் கொடுத்தது. 1904-ல் இறந்துபோனார். 1920-களில் எட்வின் ஹபிள்தான், அது நம் பால்வீதிக்கு வெளியே இருக்கும் தனி அண்டம் என்று நிரூபித்தார். தூரம் சுமார் 25 லட்சம் ஒளியாண்டு! பாவம், தான் பிடித்தது எவ்வளவு பெரியது என்று அவருக்குத் தெரியாமலே போச்சு. ஆனால் படத்தில் தப்பே இல்லை. அதை இன்றைக்கும் புத்தகங்களில் போடுகிறார்கள்.

அவர் மனைவி டொரோதியா கிளம்ப்கியும் வானவியல் அறிஞர், கணிதத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர். என்னைக் கேட்டால் அவரைப் பற்றித் தனியாகவே எழுதலாம். கணவர் போன பிறகு அவருடைய கண்ணாடித் தகடுகளைப் பத்திரமாக வைத்து, அளந்து, ஒழுங்குபடுத்தி, 1929-ல், அதாவது அவர் பிறந்து நூறு வருஷம் ஆனபோது, பெரிய படத்தொகுப்பாக வெளியிட்டார்.