தொல்மரம் ஆய்ந்த தோன்றல்

உளுந்தூர்ப்பேட்டைக்கு வடகிழக்கே, விழுப்புரம் மாவட்டத்தில், திருவக்கரை என்னும் பழம்பதி உள்ளது. அவ்வூரை அடுத்த செந்நிலத்தில் பெருமரங்கள் பல கல்லாய்க் கிடக்கின்றன. கிளை ஒடிந்த தழும்பும், உள்வளையங்களும் சிதையாமல் இருக்கின்றன. தட்டினாலோ கல்லோசையே எழும். அரக்கன் ஒருவனுடைய எலும்புகள் அவை என ஊரார் கதை கூறுவர். ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகட்கு முன் ஆற்று வெள்ளம் அடித்துக் கொணர்ந்து மணலில் புதைத்த மரங்கள் அவை என்பர் அறிஞர். அவற்றுள் ஊசியிலை மரவகையைச் சார்ந்த ஒன்றை ஆராய்ந்து, 1931-ஆம் ஆண்டில் அதற்கு அறிவியற்பெயர் அமைத்தவர் பீர்பால் சாஹ்னி ஆவார்.

சாஹ்னியார் 1891-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 14-ஆம் நாள், இன்று பாகிஸ்தானத்தில் உள்ள பேரா என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் ருசிராம் சாஹ்னி இலாகூர் அரசினர் கல்லூரியில் வேதியியல் பேராசிரியர். விடுமுறை நாள்களில் மக்களை இமயமலைக்கு நடத்திச் சென்று, ஏட்டில் இல்லாத பாடங்களைக் கற்பித்தவர். மைந்தர் அரசாங்க உயர்பதவி பெறவேண்டும் என்று அவர் விரும்பினார். மைந்தருடைய உள்ளமோ செடிகொடிகளிலேயே தோய்ந்திருந்தது. 1911-இல் இங்கிலாந்து சென்ற சாஹ்னியார், கேம்பிரிட்சில் சீவர்டு என்னும் தொல்தாவர அறிஞரிடம் பயின்றார்.

அக்காலத்தில் அந்நல்லாசிரியரிடம் வியத்தகு கற்கள் சில வந்து சேர்ந்தன. தென்முனை கண்டு மீளும் வழியில், 1912-இல் ஸ்காட்டும் அவருடைய துணைவரும் பனியிற் சிக்கி மாண்டனர். உணவு அருகி, உடல் நலிந்த நிலையிலும் அவர்கள் ஏறத்தாழ 16 கிலோகிராம் எடையுள்ள கற்களை வண்டியினின்றும் இறக்கி எறிந்திலர். அக்கற்களில் நாக்குப் போன்ற இலையின் பதிவுகள் இருந்தன. குளோசாப்டெரிஸ் என்னும் பழஞ்செடியின் இலைகள் அவை எனச் சீவர்டு கண்டறிந்தார். 25 கோடி ஆண்டுகட்கு மேற்பட்ட அச்செடியின் சுவடுகள் நம் நாட்டு நிலக்கரிப் படுகைகளிலும், தென் ஆப்பிரிக்காவிலும், ஆஸ்திரேலியாவிலும், தென் அமெரிக்காவிலும் முன்னரே கிடைத்திருந்தன.

கடல் பல கடந்து ஒரே செடி எங்ஙனம் பரவியது? அதன் விதைகள் காற்றிலே மாகடல் தாண்டத்தக்க நுண்மையுடையன அல்ல. நிலங்களை இணைத்த பாலம் போன்ற நீள்நிலங்கள் பின்னர்க் கடலுள் மூழ்கின என்றனர் சிலர். கண்டங்களின் பாறை எடை குறைந்தது. கடலடிப் பாறை எடை மிக்கது. ஆதலின் எடை குறைந்த நிலம் அதனுள் அமிழ்தல் எளிதன்று. கண்டங்களே ஒன்றாயிருந்து பிரிந்து நகர்ந்தன என 1912-இல் செருமானிய அறிஞர் வேகனர் கூறினார். நிலம் நகரும் என்பதைக் கேட்டு நகைத்தோர் பலர்.

1919-இல் தாயகம் திரும்பிய சாஹ்னியார், 1921 முதல் இலக்குமணபுரியில், அஃதாவது இலட்சுமணன் பெயரோடு தொடர்புறுத்திப் பேசப்படும் இலக்னோவில், பல்கலைக்கழகத் தாவரவியல் பேராசிரியராய் விளங்கினார். அவர் வேகனர் கூற்றை விரைந்து போற்றவும் இல்லை. எள்ளி நகைத்தோரோடு சேரவும் இல்லை. அவருடைய நுண்ணறிவு பிறர் நோக்காத ஓரிடத்திற் சென்றது. சேய்மையில் உள்ள நாடுகளில் ஒத்த செடிகள் இருப்பதைப் பிறர் எண்ணினர். அண்மையில் உள்ள நாடுகளில் ஒவ்வாத செடிகள் இருப்பதேன் என அவர் எண்ணினார். இந்தியாவில் குளோசாப்டெரிஸ், இமயத்திற்கு அப்பால் சீனத்திலோ, அதே காலத்தில் முற்றும் வேறான செடிக்கூட்டம். அயல்வீட்டார் இருவர் ஒரு மொழிச் சொல்லும் பொதுவாக அறியாராயின், அவர்கள் அண்மையிலேதான் அங்குக் குடிவந்தனர் என ஊகித்தல் தகும் அன்றோ? இடையே பரந்திருந்த கடல் சுருங்க, தொலைவில் இருந்த நிலங்கள் நெருங்கின எனக் கொள்வதே பொருந்தும் என்று 1936-இல் அவர் எழுதினார். இலண்டன் அரசக் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றதும் அவ்வாண்டிலேயே.

தொல்தாவர ஆய்வுக்கெனத் தனிக்கழகம் ஒன்று காணவேண்டும் என்பது அவருடைய நெடுநாள் விழைவு. புதைபடிவங்கள் பதித்த அடிக்கல் ஒன்றை அதற்கென அமைத்தார். 1949-ஆம் ஆண்டு ஏப்பிரல் 3-ஆம் நாள் பிரதமர் நேரு அதனை நாட்டினார். ஒரு கிழமை கழிந்தது. 10-ஆம் நாள் சாஹ்னியார் நெஞ்சுநோயால் மறைந்தார். சுவர் எழுமுன்னரே தலைவரை இழந்த கழகத்தின் பொறுப்பை அவர்தம் துணைவியார் சாவித்திரி அம்மையார் ஏற்று நடத்தினார். 1953-இல் கட்டடம் திறக்கப்பெற்றது. இன்று அது சாஹ்னியார் பெயராலேயே வழங்குகிறது.

1960-களில் கடலடிப் பாறைகளின் காந்தத் தன்மையை அளந்தறிந்தோர், கடற்றளம் விரிவதையும் கண்டங்கள் நகர்வதையும் ஐயமற நிறுவினர். தென்கண்டங்களோடு ஒட்டியிருந்த இந்திய நிலம் பிரிந்து வடக்கே சென்று ஆசியாவை முட்ட, இடைக்கடலின் படிவுகள் மடிந்து இமயமாய் உயர்ந்தன. இன்றும் நம் நிலம் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் அளவு வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கிறது.